சாதா கல்யாணம்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பென்சில் பிடித்து வெகுகாலம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் நான் பாதி வழியில் இறங்கிக்கொண்டபோது வாத்தியாருக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் எழுத்து என்னை விடவில்லை. பெங்களூர் சிவாஜிநகர் பாத்திரக் கடைச் சந்தில் கோணி விரித்து உட்கார்ந்து, சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, விற்கிற குடத்திலும் அண்டாவிலும் பேர் வெட்டுகிறேன். யார் வீட்டுப் பெண் யாருக்கு வாழ்க்கைப்படப் போகிறாள் என்பது பூசாரிக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிப் பழகிய கை, காகிதத்திலும் தட்டத்தான் பார்க்கிறது. முதல் பக்கத்திலேயே இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

என்னை எழுத வைத்தவர்கள் எங்கள் லைன் வீட்டு ஆட்கள். பெண்ணைப் பெற்றவர் யாராவது ஒருத்தர் சாயங்கால வேளையில் வந்து வாசற்படியில் உட்காருவார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவார். அப்புறம் மெதுவாக ஆரம்பிப்பார்.

"ஏம்பா, உங்கக்கா கல்யாணத்த அவ்ளோ சல்லிசா எப்படிப்பா முடிச்சீங்க? எனக்கும் அந்த வழியச் சொல்லேன்."

நானும் சொல்வேன். பந்தலை, பத்திரிகையை, மேளத்தை, பந்தியை எல்லாம் எப்படிச் சமாளித்தோம் என்று கைகாலை ஆட்டி நடித்தே காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்பார்.

"பொண்ணு இப்ப பிரேசர் டவுன்ல புருஷன் வீட்லதானே?"

"இல்லிங்க. உள்ள இருக்கா. ஊதுபத்தி உருட்டறா."

அதற்கப்புறம் அவருக்கு அவசர வேலை ஏதாவது ஞாபகம் வந்துவிடும். இப்படி ஒவ்வொருத்தருக்கும் முதல் பாதியைச் சொல்லி, இரண்டாவது பாதியில் ஆளை இழப்பதற்குப் பதிலாக, மொத்தத்தையும் எழுதிவைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். வீட்டில் அப்பா, அக்கா, நான். அப்பா ராணுவ ஆபீஸர்கள் மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறுகிற பேரராக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியதும் மெஸ்ஸை மூடினார்கள். அப்பா ஒரு மரக்கடைக்கு வாட்ச்மேன் ஆனார். தட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் எடுக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர், இருபது வருஷம் படித்த படிப்பை மரக்கட்டைகளிடம் காட்ட முடியாமல் கஷ்டப்பட்டார். அக்கா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டிக் கடைக்குக் கொடுப்பாள். அவள் கையில் எப்போதும் ஒரு வாசனை. "உன்னக் கட்டிக்கப் போறவனுக்கு சாமி படத்துக்குத் தனியாச் செலவில்ல" என்று நான் சொல்வேன். உருட்டுகிற பலகையால் அடிப்பாள்.

அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. வந்தவர்கள் எல்லாம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டில் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

அப்போதுதான் பிரேசர் டவுன் அம்மா வந்தார். கணவரை இழந்தவர், ஒரே பிள்ளை. பிள்ளையும் கூட வந்திருந்தார். பிள்ளை ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைம் கீப்பர். அவர்கள் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம், அதனால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்கள். அந்த அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, அக்காவை ஒருமுறை நடக்க வைத்துவிட்டு, அப்பாவிடம் சொன்னார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்கண்ணா. ஆண்டவன் குடுத்தது இருக்கு. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க. கல்யாணம் சாதாவா இருந்தா போதும்."

"சாதாவாவாம்மா?" என்றார் அப்பா. காது சரியாக வேலை செய்கிறதா என்று அவருக்குச் சந்தேகம்.

"சாதாவாத்தான். கடன் வாங்கி ஆடம்பரம் பண்றதெல்லாம் எனக்குப் புடிக்காது."

அவர்கள் போனதும் அப்பா சட்டையைக் கழற்றாமலே வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் சீழ்க்கை அடித்தார். நான் விடுவேனா.

"அப்பா, ஓட்டல்ல சாதா தோசைன்னா உள்ள கெழங்கு இருக்காது. நல்லா யோசிச்சிக்க."

அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"அவங்க பேசினதுல நீங்க ரெண்டு பேரும் 'ஒண்ணும் வேணாம்'கறதோட எழுந்து போயிட்டீங்க. மீதியக் கேக்கல."

"இன்னா மீதி?"

"'செய்யறதச் செய்யுங்க'ன்னு சொல்லல. 'செய்யணுமோ'ன்னாங்க. அந்த 'ணுமோ'க்குள்ள அண்டா, குடம், கழுத்துக்கு, காதுக்கு எல்லாம் இருக்கு."

அப்பா சீழ்க்கையை நிறுத்தினார். "வாயால சொன்னத நம்பாம வேற எதம்மா நம்பறது?" என்று கேட்டார். அந்த 'ணுமோ' அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. விழுந்ததாக ஒப்புக்கொண்டால் அப்புறம் கல்யாணமே இல்லை. அதனால் விழவில்லை.

அக்காவும் அதற்கு மேல் வாதாடவில்லை. கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "குடிச்ச டம்ளர அவரே எடுத்துட்டு வந்து இங்க வச்சாரு, பாத்தியா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அதைச் சொல்லி நான் கேலி செய்யவில்லை. மறுநாள் செய்தேன்.

முதலில் பத்திரிகை. அச்சாபீஸில் அடிக்க வசதியில்லை. குஜிரிக் கடையில், அதாவது பழைய சாமான் மொத்தமாக வாங்கி விற்கிற கடையில், என் சிநேகிதன் ஒருத்தன் வேலை செய்கிறான். பாய் வீட்டுப் பையன். தமிழும் உருதும் அவன் வாயில் ஒரே தட்டில் இருக்கும். அவனிடம் நெளிந்துபோன பித்தளைத் தாம்பாளம் ஒன்று வாங்கி, நெளிவெடுத்து, புளிபோட்டுத் தேய்த்து, அதில் கல்யாண அழைப்பு முழுவதையும் வெட்டினேன். ஊருக்கெல்லாம் ஒரே பத்திரிகை. தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் வெற்றிலையும் வைத்து வீட்டுக்கு வீடு எடுத்துப் போவது. அவர்கள் படித்துவிட்டு, குங்குமத்தை எடுத்துக்கொண்டு, தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. அடுத்த வீடு.

யோசனை நல்ல யோசனை. ஆனால் புள்ளியாலேயே எழுதுகிற எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது பெரிய தொல்லை. எது எழுத்தின் புள்ளி, எது தலையில் வைத்த புள்ளி என்று தெரியாது. 'சுற்றமும் நட்பும்' என்று நான் வெட்டியதை, பக்கத்து வீட்டில் பத்தாவது வரை படித்த ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சுற்றமும் நடபும்னு இருக்கேடா. நடபுன்னா என்ன?"

"பஸ்ல வராம நடந்து வர்றவங்கண்ணா. அவங்களையும் சேத்துக் கூப்ட்ருக்கோம்."

வேறு சிலருக்கு அது சிரிப்பாக இல்லை. ஒரு அம்மா குங்குமத்தை எடுத்துக்கொண்டு தாம்பாளத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன்.

"இன்னாடா இது, வச்ச பத்திரிகையத் திருப்பிக் கேக்கற?"

"அடுத்த வூட்டுக்கும் இதான் அத்த."

"அப்ப எங்க வூட்டுக்குன்னு ஒண்ணும் இல்ல, அப்படித்தானே?"

இப்படியே பாதி ஊர் முடித்து, முறைப்படி பிரேசர் டவுன் போனோம். அப்பா தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "பித்தளையில அழைப்பா, பரவால்லியே" என்றார். எழுந்து போய் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சம்பந்தி வீட்டில் வைத்த பத்திரிகையைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது. மீதிப் பாதி ஊருக்கு வெறும் வாயால்தான் அழைப்பு போனது. அவர்களில் பலபேர் வரவில்லை. செலவுக்கு நல்லதுதான் என்று அப்பா சொல்லிக்கொண்டார்.

பந்தலுக்கும் குஜிரிக் கடைதான். உலகச் சண்டை முடிந்தபிறகு ராணுவத்து மிச்ச சாமான் எல்லாம் ஊரில் கொட்டிக்கிடந்தது. பூட்ஸ், தண்ணி டப்பா, கொசுவலை. அதில் ஒரு பாராசூட்டும் இருந்தது. "ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போடா, சேட்டு கேட்டா உதறிக் காயப்போட்ருக்கேன்னு சொல்லிக்கறேன்" என்றான் சிநேகிதன். லைன் வீடுகளுக்கு நடுவில் குழாயடி இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மரக்கிளையில் நடுக்கயிற்றைக் கட்டி, ஓரக் கயிறுகளைச் சுற்றிலும் உள்ள வீட்டுக் கம்பிகளில் கட்டினோம். வெள்ளையாக, மெத்தென்று, மேகத்தைப் பிடித்துக் கட்டினமாதிரி இருந்தது. அக்கா வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்குடா" என்றாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் ஒரே தடவை.

ஆனி மாசக் காற்றை நாங்கள் கணக்கில் வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்துக்குக் காற்று பந்தலுக்கு அடியில் புகுந்துகொண்டது. பாராசூட்டுக்குத் தன் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. நானும் சிநேகிதனும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"இது இன்னாது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"ஆகாசத்துலேர்ந்து எறங்கின பந்தல் அத்த. தேவர்கள் அனுப்பி வச்சது."

"திரும்பப் போறமாதிரி இருக்கே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். மாப்பிள்ளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாலி மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது எங்கள் வழக்கம். தட்டைத் திறந்தபோது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. தங்கம் இல்லை. பூசாரி அப்பாவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா அப்பாவின் பக்கம் குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கிறமாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"சாதான்னுதானே பேசினோம்ணா. தங்கத் தாலி வீட்ல பத்திரமா இருக்கு. பொண்ணு எப்படி வருதோ, அதப் பாத்துப் போட்டுக்கலாம்."

அப்பா தலையை ஆட்டினார். வேறு எதை ஆட்டுவார்.

மேளம் எங்கள் சந்துக்காரர்கள். நாயனக்காரரைக் கூப்பிட வழியில்லை என்றதும், அண்டா அடிக்கிற தொழிலாளிகள் நாலைந்து பேர் சுத்தியலோடும், கொட்டாப்புளி என்கிற மரச் சம்மட்டியோடும் வந்துவிட்டார்கள். பூசாரி கையைத் தூக்கினதும் கவிழ்த்துவைத்த அண்டாக்களில் ஒரே சமயத்தில் விழுந்தது அடி. ரோட்டில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரை மிரண்டு ஓடி, அதன் பின்னால் வண்டிக்காரர் ஓடினார். அந்த இரைச்சலில் மாப்பிள்ளை அக்காவிடம் என்னவோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார். அவள் சிரித்தாள். என்ன சொன்னார் என்று அப்புறம் எத்தனையோ தடவை கேட்டேன். சொல்லவே மாட்டேன் என்கிறாள்.

அரிசி ரேஷனில்தான் கிடைத்தது. இலை போட்டுச் சோறு போட முடியாது. அப்பாவின் யோசனை டீ பார்ட்டி. பேக்கரியிலிருந்து பன், வீட்டில் கிண்டின வெல்லக் கேசரி, டீ. அப்பா பெட்டியிலிருந்து பழைய மெஸ் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தளைப் பொத்தான்களை நான்தான் தேய்த்துக்கொடுத்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, இடது பக்கமாக வந்து தட்டை நீட்டினார், வலது பக்கமாக எடுத்தார். அந்த ஒரு மணி நேரம் அப்பா நடந்த நடையை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. கிழவர்கள் பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"சோறு அப்புறம் வருமா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"இதான் பெரியவரே எல்லாம்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் அப்பாவே போய் நின்றார். அவர் தட்டைத் தொடவில்லை.

"எலை இல்லீங்களா?"

"டீ பார்ட்டிம்மா. தொரைங்க வீட்ல எல்லாம் இப்படித்தான் செய்வாங்க."

"நாங்க தொரைங்க இல்லியேண்ணா."

அப்பா அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தார். அப்புறம் வலது பக்கமாக வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற நேரம் வந்தது. அக்கா தன் டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அண்டாவும் குடமும் அங்கே இல்லை. மேளம் அடித்த அண்டாக்களை அவரவர் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இன்னும் நாலு நாள்ல ஆடி பொறக்குது" என்றார் அந்த அம்மா. "ஆடியில எப்படியும் பொண்ணு தாய் வீட்லதான் இருக்கணும். இப்ப அழைச்சிட்டுப் போயி திரும்பக் கொண்டாந்து விடறது அலைச்சல். இங்கேயே இருக்கட்டும். ஆவணி பொறந்ததும் நாங்களே வந்து அழைச்சிக்கறோம்."

சொன்னது முழுக்க முறைதான். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ராத்திரியே நான் அக்காவைக் கேலி செய்தேன். "வண்டிக் கூலியும் மிச்சம் பாரு. பொண்ண அனுப்பாமலே கல்யாணம் முடிக்கறது நம்ம யோசனைக்குள்ள வரவே இல்ல. அந்தம்மா நமக்கு மேல கெட்டி." அக்காவும் சிரித்தாள். பெட்டி வாசலிலிருந்து சுவரோரம் வந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

ஆவணியில் அவர்கள் பங்காளி யாரோ தவறிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள், தீட்டாம். புரட்டாசியில் யாராவது பெண்ணை அழைப்பார்களா. ஐப்பசியில் தலைதீபாவளி, அதற்கும் பெண் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளையே இங்கே வருவார். "பஞ்சாங்கக்காரன் உன் மாமியாரக் கேட்டுட்டுத்தான் மாசத்தப் பிரிச்சிருக்கான்" என்றேன். அக்கா அப்போதும் சிரித்தாள், ஆனால் வேலையை நிறுத்தவில்லை.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். தனியாகத்தான் வந்தார். அப்பா எங்கேயோ புரட்டி ஒரு வேட்டி வாங்கி வைத்திருந்தார். அக்கா பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்த இன்னொரு புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிப் பார்த்தார். அவர் உருட்டினது எல்லாம் நடுவில் வீங்கி, பாம்பு எலி முழுங்கினமாதிரி இருந்தது. "மாமா, இத ஏத்தினா சாமி ஓடிப்போயிடும்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். பொழுது சாய்வதற்குள் எழுந்துவிட்டார்.

"இருந்துட்டு காலைல போலாமே" என்றார் அப்பா.

"அம்மா தேடுவாங்க."

அக்கா அவர் உருட்டின பத்திகளைத் தனியாக எடுத்து வைத்தாள். நாள்பட நாள்பட அவை காய்ந்து, குச்சியிலிருந்து உதிர்ந்துவிட்டன.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. கார்த்திகையில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்றார்கள். மார்கழிக்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. அக்கா பெட்டியிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். எதற்கென்று கேட்டேன். "மடிப்புலேயே கிழிஞ்சிடும்" என்றாள். கடைசியில் பெட்டி காலியாகிவிட்டது. இப்போது அதில் ஊதுபத்திக் கட்டுகள்.

லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. கழுத்தில் தாலி இருக்கிறது, அதனால் அக்காவைக் கூப்பிட வேண்டும். புருஷன் வீடு போகாதவள், அதனால் கூப்பிடக் கூடாது. அந்த வீட்டம்மா எங்கள் வாசல் வரைக்கும் வந்து, அப்பாவிடம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உருட்டினாள். வளையல் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அவளை ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. எனக்கு இது புதுசு.

அப்பா பேச்சை எடுப்பதையே நிறுத்திவிட்டார். தெருமுனையில் வண்டி நின்றால் முன்பெல்லாம் எட்டிப் பார்ப்பார். அதுவும் நின்றுபோனது. தை பிறந்து பாதி ஆனதும் நான் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு பிரேசர் டவுன் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளிக்காமல் உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். சுவரில் வெள்ளையடித்த அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"அத்த, மாசமெல்லாம் தீந்துபோச்சு. புதுசா ஒண்ணு ரெண்டு கண்டுபுடிச்சாத்தான் உண்டு" என்றேன்.

"வாய் ஜாஸ்தி உனக்கு" என்றார். கோபமாக இல்லை. "பாரு தம்பி, உங்கக்காவ நான் ஒரு கொறையும் சொல்லல. நல்ல பொண்ணு. நான் எதாவது கேட்டேனா உங்களண்ட? வாயத் தொறந்து ஒரு பொருள் கேட்டேனா?"

"இல்ல அத்த."

"கேக்கலதானே. சொந்தக்காரங்க வந்து பாத்திரம் எங்கன்னு என்னக் கேக்கறாங்க. நான் பதில் சொல்லணும். பொண்ணு வந்து எந்தக் கொடத்துல தண்ணி மொள்ளும், சொல்லு? என் கொடத்துலயா?"

நானே பேர் வெட்டுகிறவன். குடம் என்ன விலை, அண்டா என்ன விலை என்று எனக்குத் தெரியாதா. சிநேகிதன் இடையில் புகுந்தான். "அம்மா, எங்க கடைல பழசு இருக்கு, நெளிவெடுத்துக் குடுக்கறோம்" என்றான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் காப்பியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கிறபோது, மாப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவ நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா மாமா."

"கை எரியுதுன்னு சொன்னா, அந்தப் பத்தி மாவுல. இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. நீங்க வந்து பாக்கலாமே."

அவர் சைக்கிள் மணியை அழுத்தினார். சத்தம் வராதபடி மெதுவாக அழுத்தினார்.

"மாமா, நான் எப்பவும் வெளையாட்டாப் பேசறவன். இப்ப வெளையாட்டு இல்ல. ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவள அழைச்சிக்குவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா அதையும் சொல்லிடுங்க. அவ நம்பிட்டு இருக்கா."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை. அதுவரைக்கும் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் கன்னடத்துக்கு மாறிவிட்டார்.

"நோடோணா" என்றார். சைக்கிளில் ஏறினார்.

பார்க்கலாம் என்று அர்த்தம். கன்னடத்தில் அந்த வார்த்தை நன்றாகத்தான் இருக்கிறது. முடியாது என்று எங்குமே அதில் இல்லை. காய்கறிக் கடைகளைத் தாண்டி, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் அக்கா முகத்தை நிமிர்த்திப் பார்ப்பாள். அவளிடம் எடுத்துக்கொண்டுபோக என் கையில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"டேய், மாட்டேன்னு சொல்லலியே. நோடோணான்னுதானே சொன்னாரு. நல்ல வார்த்ததானே அது?" என்று சிநேகிதனைக் கேட்டேன்.

"எங்க சேட்டுகிட்ட சம்பளம் ஏத்திக் கேட்டா, அவரும் அதாண்டா சொல்வாரு" என்றான்.